முள் இல்லாத புள்ளி

இரண்டாவது ஸ்கேன் படத்தையும் ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள் அவள். பின்னால் கூடத்தில் கணவனின் உடல் கிடந்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவரை நேற்றுக் காலை வேலைக்குப் போகும் வழியில் லாரி அடித்துவிட்டது.

வந்தவர்களெல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தொடங்கிவைத்தவர் கணவனின் அண்ணன்.

"எப்படியும் நுரையீரல்ல புத்துநோய். கிடந்து அவஸ்தைப்படாம ஒரு நொடியில போயிட்டான். ஒருவகையில புண்ணியம்தாம்மா."

புண்ணியமாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கு இப்படியும் ஒரு பெயர். அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"மாமா, இங்க வாங்க."

"இப்போ எதுக்கும்மா இதெல்லாம்?"

"இப்பதான் வேணும். இது மூணு மாசத்துக்கு முந்தி எடுத்தது. புள்ளியச் சுத்தி முள்ளு முள்ளா இருக்குல்ல? அதப் பாத்துதான் புத்துநோயா இருக்கலாம்னாங்க. இது முந்தாநாள் எடுத்தது. துளிகூட வளரல. ஓரம் வழவழன்னு இருக்கு, நடுவுல சுண்ணாம்பாட்டம் வெள்ளை. என்னிக்கோ வந்த நோயோட தழும்பு, புத்துநோய் இல்லன்னு டாக்டர் எழுதியே குடுத்துட்டார். உங்க தம்பி ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தார்."

அண்ணன் படத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்ற பார்வை.

"அப்போ முதல் படத்துல முள்ளு எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். பதினோரு வருஷமாக ஸ்கேன் அறையில் வேலை. சொந்தக்காரர் வந்தால் வேறு ஆள்தான் படம் எடுப்பது அங்கே வழக்கம். நானே எடுப்பேன் என்று அடம்பிடித்தவள் அவள்.

"என் தப்பு. மைக்குல 'மூச்சை அடக்குங்க சார்'னுட்டேன், பழக்கதோஷம். பொண்டாட்டி சார்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கல. நெஞ்சு குலுங்கி படம் கலங்கிருச்சு. திரும்ப எடுத்திருக்கணும். வெளிய கூட்டம் காத்திருந்துச்சு, விட்டுட்டேன். மூணு மாசம் மனுஷன் தூங்கல."

"இத வெளிய சொல்லாதம்மா. உன் வேலைக்கே உலை வெச்சிரும்."

"வெக்கட்டும். அவர் சாகக் கிடந்தவர் இல்ல மாமா. இன்னும் முப்பது வருஷம் இருந்திருப்பார். அவர் போனது நல்லதுன்னு இந்த வீட்டுல ஒருத்தரும் சொல்லக் கூடாது."

ஓர்ப்படி, அண்ணனின் மனைவி, வந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். இவள் திறந்தாள். மறுபடி மூடக் கை நீண்டபோது, "விடு" என்றார் அண்ணன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

வாசல் வழியாகப் புதிதாக ஒருவர் வந்து அண்ணனின் கையைப் பிடித்தார்.

"ஏற்கெனவே உடம்புக்கு முடியாம இருந்தாராமே?"

"இல்ல" என்றார் அண்ணன். "நல்லாத்தான் இருந்தான்."

சொல்லி முடித்ததும் பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று கையால் தடவித் தேடினார்.