காசிராஜனுக்குப் போட்ட இலை

பந்தல்குடி அற்புதமேரிக்கு ஆடி அமாவாசையன்று மட்டும் சாப்பிடாமலே வயிறு நிறைந்துவிடும். வெறும் வயிற்றோடு கிணற்றடியில் நிற்கிறவள், உச்சிப்பொழுது ஆனதும் பருப்பு, வடை, பாயாசம் என்று வரிசையாக ஏப்பம் விடுவாள். கடைசியில் பாகற்காய்க் கசப்பு நாக்கில் வந்து உட்கார்ந்தால் மூன்று நாளைக்கு இறங்காது. யுத்தத்தில் அரிசிக்கு ரேஷன் வந்த வருஷங்களில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வாய்விட்டே பொறாமைப்பட்டார்கள். "சாப்பிடாமலே சாப்பிட்டுட்டேன் சாமி" என்று அவள் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னபோது, சாமியார் எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

காரணம் அவளுக்கு நாலு வயதிலேயே தெரியும். போன பிறவியில் அவள் அருப்புக்கோட்டைப் பஞ்சு வியாபாரி காசிராஜன். 1930இல் அவர் செத்தார், அதே வருஷம் இவள் பிறந்தாள். இதைக் கேட்டதும் அம்மா சூசையம்மாள் பிள்ளையின் வாயைப் பொத்தினாள். வேதத்தில் இல்லாத சங்கதி என்பதெல்லாம் அப்புறம்தான். அந்த வீட்டார் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்களோ என்பதுதான் அவள் பயம். அதனால் ஏழெட்டு மைலில் இருந்த டவுனை அற்புதமேரி பதினாறு வயதுவரை பார்த்ததே இல்லை. ஆனால் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அந்த வீட்டு முற்றம் கண்ணுக்குள் வந்து நிற்கும். தான் எந்த வீட்டுப் பிள்ளை என்று குழம்பிப் பாதியில் எழுந்துவிடுவாள். பாவம், யாரிடம் கேட்பாள்?

அருப்புக்கோட்டையிலும் நிம்மதி இல்லை. காசிராஜனின் மகன் தனுஷ்கோடி ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் இலை போட்டுக் காக்கைக்கு வைப்பார். காக்கைகள் மதில்மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்குமே தவிர, ஒன்றுகூட இறங்காது. காக்கை எடுக்காமல் வீட்டார் சாப்பிடக்கூடாது என்பதால் குழந்தைகுட்டி எல்லாம் அந்தி சாயும்வரை பட்டினி கிடந்தார்கள். அப்பாவுக்கு என்ன குறையோ என்று 1945இல் அவருக்கு உயிரான பாகற்காயை இரட்டிப்பாக வைத்தார்கள்.

அந்த வருஷம் கசப்பு அற்புதமேரியின் நாக்கோடு நிற்காமல் விரலுக்கும் வந்துவிட்டது. தொட்ட கருப்பட்டி கசந்தது. அவள் கரைத்த கூழை அப்பா யேசுதாசன் மருந்து என்று நினைத்துக் குடித்தார். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் கொடுத்த காப்பியில் ஒரு வாய் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள்தான்.

அடுத்த ஆடி அமாவாசைக் காலையில் அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். "போயி அந்தப் பாகற்காய நிப்பாட்டச் சொல்லிட்டு வருவோம்மா."

"வந்துருவியா?" என்றாள் சூசையம்மாள். அது மகளுக்கே தெரியவில்லை. இருவரும் பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஏறினார்கள்.

டவுனில் இறங்கி யாரிடமும் வழி கேட்காமல் நடந்தாள் அற்புதமேரி. காசிராஜன் வீட்டு நிலைப்படியில் குனிந்து நுழைந்தாள். அவர்தான் நெட்டை, இவள் குட்டைதான், ஆனாலும் பழக்கம் விடவில்லை. முற்றத்தில் இலை போட்டிருந்தது.

"நாந்தான் காசிராஜன்," என்றாள். "எனக்குப் பாகற்காய் ஆகவே ஆகாது. தெனம் சன்னல் வழியா வெளிய தள்ளிட்டுத்தான் எந்திரிப்பேன்."

எல்லோரும் சன்னலுக்கு வெளியே எட்டிப்பார்த்தார்கள். அங்கேதான் அந்தப் பாகற்கொடி இருந்தது. வெந்த விதை முளைக்காது, ஆனால் இது முளைத்திருந்தது. தண்ணீர் ஊற்றாமலே காய்த்ததால் அப்பாவின் ஆசி என்று பதினாறு வருஷமாக அதிலேயே பறித்து அவருக்கே படைத்திருக்கிறார்கள்.

காசிராஜனின் மனைவி பொன்னுத்தாய் முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள். "அவுகளுக்குப் பிடிக்குமேன்னு முப்பது வருசம் ஆக்கிப் போட்டேனே. ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

அற்புதமேரிக்கு வாயில் 'ஏ புள்ள' என்றுதான் வந்தது. விழுங்கிக்கொண்டு, "ஆக்குன மனசு நோகுமேன்னுதான் அம்மாச்சி" என்றாள். பொன்னுத்தாய் ஒரே நேரத்தில் அழவும் சிரிக்கவும் செய்தாள்.

பாகற்காயை எடுத்துவிட்டுப் புது இலை போட்டார்கள். அற்புதமேரி உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்ததும், காக்கைகள் மதிலைவிட்டு இறங்கி, பக்கத்தில் வைத்த சோற்றைச் சாவகாசமாகக் கொத்தின. நாற்பது வயது தனுஷ்கோடி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அப்பா, இங்கனயே இருந்துருங்க."

சூசையம்மாள் மகளின் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டாள். அற்புதமேரி முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். தூண், கிணறு, பொன்னுத்தாய், எதுவும் அந்நியமில்லை. மனசு ஆசைப்படத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்து அவள் வயிறு கடமுடவென்று இரைந்தது. இலை துடைத்தமாதிரி இருந்தது. காசிராஜன் சாப்பிட்டுவிட்டார், ஆனால் அற்புதமேரிக்குப் பசித்தது. ஆடி அமாவாசையன்று அவளுக்குப் பசியெடுத்தது அதுதான் முதல் தடவை.

"சாப்பிட வருசா வருசம் வாரேன்," என்றாள். "இப்ப எனக்குப் பசிக்குது. எங்க வீட்டுக்குப் போறேன்."

அதன்பிறகு அவள் கையில் கசப்பு இல்லை. வருஷத்துக்கு ஒரு நாள் பஸ்ஸில் கண்டக்டர் முன்சீட்டை அவளுக்கு விட்டுவிடுவார். "வெரசா ஏறு தாயி, காக்கா காத்திருக்கும்" என்பார். அன்றைக்குப் பந்தல்குடியில் சூசையம்மாள் கருவாட்டுக் குழம்பு வைத்து, உலையில் ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள். மகள் சாப்பிட்டுவிட்டுப் பசியோடு வருவாள் என்று அவளுக்குத் தெரியும்.