ஒட்டாத அடுப்பு

சொந்தக் கடை திறந்த முதல் நாளே முதல் ரொட்டி நெருப்பில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை அடுப்பின் சுவரில் அறைந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ரொட்டிக்காரி. அதுவும் வழுக்கிக்கொண்டு போய்க் கரியோடு கரியானது.

மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டினால்தான் அது ரொட்டி. மதியம் தையல் கம்பெனி கேன்டீனுக்கு நூறு ரொட்டி போக வேண்டும். பிடித்துவிட்டால் தினமும் வாங்குவார்கள். இல்லையென்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"சுவருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

புருஷன் பெருமையாகச் சிரித்தார். "ஒட்டாம வரட்டும்னு நல்லா எண்ணெய் தடவி வச்சிருக்கேன்ல!"

எண்ணெய் தடவும் தோசைக்கல்லை மட்டுமே பார்த்து வளர்ந்த மனுஷன். விடியற்காலையில் எழுந்து, அடுப்புக்குள் தலையை விட்டு, ஓர் இடுக்கு விடாமல் தடவியிருக்கிறார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அத்தனை எண்ணெயும் எரிந்து தீரச் சாயங்காலம் ஆகிவிடும்.

எதிரே மீசைக்காரரின் ரொட்டிக்கடை. பன்னிரண்டு வருஷம் அவள் வேலை பார்த்த இடம். விலகி வந்த நாளிலிருந்து அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே, புருஷன் செருப்புகூடப் போடாமல் தெருவைத் தாண்டிவிட்டார்.

"அடுப்புல எண்ணெய் தடவித் தொலைச்சிட்டேண்ணே," என்றார், கடை நிறைய ஆள் இருக்கும்போதே. "தப்பு என்னுது. அவளுக்கு ஒரு வழி பண்ணுங்க."

கடையே கொல்லென்று சிரித்தது. மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை விட்டு விலகி நின்றார். "மாவை எடுத்துட்டு வரச் சொல்லு."

அந்த அடுப்பில் அவள் போட்டதெல்லாம் ஒட்டியது. மதியம் ரொட்டி எடுக்க அங்கே வந்த கேன்டீன்காரர் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். "பிரமாதம்! உங்க ரொட்டியா?" என்று மீசைக்காரரைக் கேட்டார்.

"அடுப்புதான் என்னுது. ரொட்டி அவங்களோடது. நாளைலேருந்து எதிர்க்கடைக்கே போய் வாங்கிக்குங்க."

பன்னிரண்டு வருஷமாக 'ஏ பொண்ணு' என்று கூப்பிட்ட வாய், 'அவங்க' என்றது. நூறு போக மிஞ்சிய இரண்டு ரொட்டியில் ஒன்றை அவள் மீசைக்காரர் கையிலும், மற்றொன்றைப் புருஷன் கையிலும் சூடாக வைத்தாள்.