ஆறு மில்லி தகடு

மாப்பிள்ளை தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்த இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றிப் போட்டுவிட்டு, சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷாக்கைப் பொருத்திக்கொண்டு வந்த நாளிலிருந்து வெல்டருக்குப் பேச விஷயப் பஞ்சம் இல்லை.

"ரெண்டு பேர் சுமந்தத ஒருத்தன் தலையில கட்டியிருக்கீங்க. அவன் சாஞ்சு நிக்கிற குழாயோட கனம் ரெண்டு மில்லி. இது வண்டி இல்ல மாப்ள, நம்பிக்கை."

தங்கையின் கணவருக்கு மரியாதை கொடுக்க வேண்டும். வெல்டர் ஒரு கிண்டலில்கூட அதைக் குறைக்கவில்லை.

கடைசியில் சேஸிஸை வலுப்படுத்தும் பொறுப்பைத் தானே ஏற்று, ஷாக் முட்டுகிற குழாயின் இரண்டு பக்கமும் ஆறு மில்லி தகடு வைத்து வெல்டிங் அடித்தார். பாலம் கட்டுகிறவர்களே கொஞ்சம் அதிகம் என்று சொல்லக்கூடிய தகடு. "உலகம் அழிஞ்சாலும் இது நிக்கும்" என்று குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

அது போன மாதம். இன்று காலை தங்கையும் மாப்பிள்ளையும் மலைப்பாதையில் நானூறு கிலோமீட்டர் போகக் கிளம்பி, செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொள்ள வெல்டரின் பட்டறை வாசலில் வந்து நின்றார்கள். எண்ணெய் விடக் குனிந்த வெல்டர் நிமிரவில்லை.

தகடு முடிகிற இடத்தில், கறுப்புப் பெயின்ட்டின் மேல், தலைமுடி போல ஒரு கோடு.

"என்ன மச்சான், தூங்கிட்டீங்களா?"

"செயின்ல அழுக்கு."

கட்டைவிரலால் தேய்த்தார். முடியாக இருந்தால் போயிருக்கும். போகவில்லை. பெயின்ட் மட்டும் வெடித்திருக்கலாம். பெயின்ட் வெடிக்க ஆயிரம் காரணம் உண்டு. அதில் நாலைந்தை அவர் மனசுக்குள் எண்ணிப் பார்ப்பதற்குள் தங்கை ஹெல்மெட் பட்டையை மாட்டிவிட்டாள்.

"அண்ணே, வெயில் ஏறுது. விடு, நாங்க போறோம்."

"அஞ்சு நிமிஷம் இறங்கு."

உப்புத்தாளால் பெயின்ட்டைத் தேய்த்து எடுத்தார். மண்ணெண்ணெய் தடவி, சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸைப் பொடியாக்கித் தூவினார். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் கோடு போடும். மாப்பிள்ளைக்கும் இது தெரியும். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒரு நிமிடம். வெள்ளை.

இரண்டு நிமிடம். பொடி பறந்துவிடாமல் இருக்க, வெல்டர் முகத்தைத் திருப்பி மூச்சுவிட்டார்.

நான்காவது நிமிடம் ஓரிடத்தில் பொடி நனைந்தது. அந்த ஈரம் மெல்ல நீண்டு, குழாயைப் பாதி சுற்றி வந்து நின்றது.

"இறக்கத்துல ரெண்டா போயிருக்கும்" என்றார் மாப்பிள்ளை, தணிந்த குரலில்.

தங்கை எட்டிப் பார்த்தாள். "அது யாரு அடிச்ச வெல்டிங்?"

மாப்பிள்ளை பொருத்திய ஷாக் தாங்கி நான்கு விரல் தள்ளி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அதன் மேல் பழி போட ஏதாவது வழி உண்டா என்று வெல்டர் ஒரு கணம் உண்மையிலேயே தேடினார்.

"என்னோடது" என்றார். "தகடு கனம் ஜாஸ்தி. அது வளையாது, குழாய் வளையும். அந்த ஓரத்துல குழாய்க்குக் குறுக்கால வேற வெல்டிங் அடிச்சு வச்சிருக்கேன். விழுந்த குலுக்கல் எல்லாம் அங்கயே விழுந்திருக்கு."

மாப்பிள்ளை ஒரு மாதமாகக் காத்திருந்த வாக்கியம் அது. வாயைத் திறந்தார். அந்தக் கோட்டுக்கு நேர் மேலே இருந்த பின்சீட்டைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

கிண்டலைக்கூடத் தாங்கியிருப்பார் வெல்டர். "ஏதாச்சும் சொல்லுங்க மாப்ள."

"கிரைண்டர் எங்க இருக்கு?"

"குழாயவே அறுத்துப் புதுசு போடணும். ரெண்டு நாள் ஆகும்."

தங்கை ஹெல்மெட்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். "உலகம் அழியறதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

வெல்டர் மூன்று மில்லித் தகடு ஒன்றைத் தேடி எடுத்து, குறுக்கே வெல்டிங் விழாதபடி முனைகளைக் கூராக்கி வெட்டக் கோடு போட்டார். போட்டதை இரண்டு தடவை அளந்து பார்த்தார்.