ஆடிட்டரின் ஒற்றைச் சாக்ஸ்

கோடை விடுமுறையில் பண்ணைக்கு இன்டர்ன்ஷிப் வந்தவர்களில் இரண்டு பேரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மற்றவர்கள் ஒழுங்கான பிள்ளைகள். சொல்ல ஒன்றும் இல்லை.

ஒருத்தி சின்ன ஆடிட்டர். அப்பா ஆடிட்டர் என்று வந்த அன்றே வாய் தவறிச் சொல்லிவிட்டாள், பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு விவசாயம் படிக்க ஆசை. அப்பாவோ, "பால்கனியில இருந்த ஒரே செடியையும் காயவிட்டவ நீ. போ, இந்த லீவுல உன் கையால ஒரு உயிரை வளர்த்துக் காட்டு, அப்புறம் பேசலாம். இல்லேன்னா பேசாம வந்து என் ஆபீஸ்ல உட்காரு" என்று கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்னொருவன் மீட்டர். கம்ப்யூட்டர் வேலையில் நீண்ட லீவு போட்டு வந்தவன். எதையும் அளக்காமல் விடமாட்டான். தக்காளிச் செடிக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்து, வளர்ந்திருந்தால் "சபாஷ்" என்பான். சட்டம் என்றால் அவனுக்கு உயிர். பண்ணையில் சட்டத்துக்கா பஞ்சம்? எதையும் குப்பை என்று வெளியே அனுப்பக்கூடாது. மட்குவதெல்லாம் உரக் குவியலுக்கு. அதிலும் நாற்றம் அடிப்பதைக் குவியலின் நடுவில், கை வைத்தால் சுடுகிற இடத்தில் புதைக்க வேண்டும். மட்காததைக் காயவைத்துத் தனிப் பெட்டியில் போட வேண்டும். பண்ணையை நடத்துகிற அம்மாளை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் இதை ஒரு தடவைதான் சொன்னார். மீட்டர் தினமும் சொன்னான்.

சின்ன ஆடிட்டர் வளர்க்கவேண்டிய உயிர் ஓர் அடைக்கோழிக்குக் கீழே இருந்தது. பண்ணை வாத்துகளுக்கு உட்கார்ந்து அடைகாக்கப் பொறுமை கிடையாது. அதனால் பெரியம்மா ஐந்து வாத்து முட்டைகளைக் கோழிக்கு வைத்து, அவள் பொறுப்பில் விட்டிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தபோது நான்கு கூமுட்டை. ஒன்றில் மட்டும் உள்ளே ஏதோ துடித்தது.

"அந்த நாலையும் எடுத்துப் போட்டுடும்மா."

"இருக்கட்டும் பெரியம்மா. ஒருவேளை லேட்டா முழிச்சுக்குமோ என்னமோ."

"கூமுட்டை முழிக்காதுடி கண்ணு" என்று சிரித்தார் அவர். ஆனாலும் விட்டுவிட்டார்.

அவளைக் கூட்டிப்போக அப்பா வருவதற்கு முந்தின மாலை, குஞ்சு இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்த நேரத்தில், கோழி எழுந்து போய்விட்டது. அதைக் குற்றம் சொல்ல முடியாது, பாவம். கோழிமுட்டையைவிட வாத்து முட்டை பொரிய ஒரு வாரம் கூடுதலாகும். என் ஷிஃப்ட் முடிந்தது என்பதுபோல அது மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. மறுபடி உட்கார வைக்கப்போன சின்ன ஆடிட்டரின் கையில் ஒரு கொத்து கொத்தியது.

பெரியம்மா விதை வாங்க வெளியூர் போயிருந்தார். கேட்க ஆள் இல்லை. சின்ன ஆடிட்டர் உரக் குவியலின் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தாள். கோழி வயிறு மாதிரியே இதமாக இருந்தது. அவள் துணிப்பெட்டியில் அப்பாவின் கறுப்புச் சாக்ஸ் ஒன்று கிடந்தது, அவசரமாகத் துணி அடுக்கியபோது கூடவே வந்தது. உயிருள்ள முட்டையை அதற்குள் விட்டு, வைக்கோலில் பொதிந்து, அந்த ஓரத்தில் வைத்தாள். மனசு கேட்காமல் கூமுட்டைகளையும் பக்கத்திலேயே வைத்தாள்.

காலையில் ஆடிட்டர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையவில்லை.

"எங்கேம்மா உன் உயிர்?"

"வாங்கப்பா, காட்டறேன்" என்று ஓடியவள் அப்படியே நின்றுவிட்டாள். குவியல் புரட்டப்பட்டு, நான்கு பக்கமும் சீவிவிட்டது போல நின்றது. பக்கத்தில் மீட்டர், உரம் புரட்டுகிற நீளமான முள்கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"மீட்டர் அண்ணே! இங்க ஓரத்துல முட்டை இருந்துச்சே!"

"அந்தக் கூமுட்டைங்களா? எல்லாத்தையும் நடுவுல புதைச்சாச்சு. இப்படி ஓரத்துல போட்டா எலி வராதா? நடுவுல இப்ப அறுபத்தஞ்சு டிகிரி, தெரியுமா?"

"ஐயோ அண்ணே, அதுல ஒண்ணு உயிரோட இருந்துச்சு!"

மீட்டரின் முகம் வெளுத்துப் போனது. சின்ன ஆடிட்டர் கையாலேயே தோண்ட ஆரம்பித்தாள். சூடு சுள்ளென்று அடித்தது, அவள் நிறுத்தவில்லை. ஆடிட்டர் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "தள்ளு, கை வெந்துடும்" என்று மீட்டரின் கரண்டியைப் பிடுங்கி அவரும் தோண்டினார். ஒரு முட்டை வந்தது. தூக்கிக் காதருகே வைத்துக் கேட்டார்.

டப்!

அந்த நாற்றத்தை விவரிக்கமாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். வெள்ளைச் சட்டை, கண்ணாடி, மீசை, ஒன்றும் தப்பவில்லை. "குளிக்கற ரூம் எங்கே?" என்று மட்டும் கேட்டார், வாயை முழுசாகத் திறக்காமல்.

மீதி மூன்றும் கிடைத்தன. மூன்றும் கூமுட்டைதான். ஐந்தாவதைக் காணோம். சின்ன ஆடிட்டர் தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கியபோது, குளிக்கிற அறையை ஒட்டி, வெயிலில் சூடாகிற வெந்நீர்த் தொட்டிப் பக்கமிருந்து ஒரு சத்தம்.

"என் சாக்ஸ் இங்க எப்படி வந்துச்சு? ஒத்தையைக் காணோம்னு வீடு முழுக்கத் தேடினேன்!" பிறகு, "ஏம்மா... சீக்கிரம் வா. இதுக்குள்ள யாரோ இருக்காங்க!"

ஓடினார்கள். துண்டோடு நின்ற ஆடிட்டரின் கையில் சாக்ஸ். அதன் வாயில் ஈரமான மஞ்சள் தலை ஒன்று எட்டிப் பார்த்து, அவரையே பார்த்து, கீச்சென்றது.

அந்நேரம் பெரியம்மாவும் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, மீட்டரிடம், "ஏண்டா, சாக்ஸை எதுக்கு இங்க கொண்டுவந்தே?" என்றார்.

"நைலான் பெரியம்மா. மட்காது. காயட்டும்னு தொட்டி மேல போட்டேன்."

"கனமா இருந்திருக்குமே, பார்க்கலையா?"

"நீளம்தான் அளந்தேன். எடை போடலை."

ஆடிட்டரின் சட்டை கொடியில் காய்ந்தது. அவர் மீட்டரின் அரை டிராயரில் முற்றத்தில் நடந்தார். பின்னாலேயே குஞ்சும் விழுந்து எழுந்து நடந்தது. அவர் நின்றால் நின்றது. காரில் ஏறப்போனால் ஊரைக் கூட்டியது.

"இது என்னம்மா, என்னை விடமாட்டேங்குது!"

"முதல்ல உங்களைப் பார்த்துடுச்சுப்பா. நீங்கதான் அம்மான்னு நினைச்சுக்கிச்சு. மிதிச்சுடாதீங்க." அவள் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் வைத்து, அதில் கூழாங்கற்களைப் பரப்பினாள்.

"கல்லு எதுக்கு?"

"தாய் வாத்து இல்லாத குஞ்சுக்கு இறகுல எண்ணெய்ப்பசை இருக்காது. நனைஞ்சா விறைச்சுப் போயிடும்."

"இதெல்லாம் எங்க படிச்சே?"

"இங்க பார்த்ததுதான். இன்னும் படிக்கலப்பா. அதுக்குத்தானே கேக்கறேன்."

ஆடிட்டர் குனிந்து காலைப் பார்த்தார். குஞ்சு அவர் பாதத்தின் மேல் ஏறித் தூங்கிவிட்டிருந்தது. சட்டை எப்போதோ காய்ந்தும் அவர் காலை அசைக்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது அதை மெல்லச் சாக்ஸுக்குள் விட்டு, "இது இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினார். மகளைக் கூட்டிப்போக வந்தது அவருக்கு மறந்தே போய்விட்டதா என்று மீட்டர் கேட்டான். பெரியம்மா அவன் தலையில் ஒரு தட்டு தட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆடிட்டர் மறுபடி வந்தார். இறங்கியதும் மகளிடம், "அந்த விவசாயக் காலேஜுல எப்ப சேரணும்னு விசாரிச்சேன். நேரம் இருக்கு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. பிறகு பையைத் திறந்து இன்னொரு கறுப்புச் சாக்ஸை எடுத்தார்.

"இதையும் வச்சுக்கோ. அது வளர்ந்திருக்கும்ல? எங்கே அது?"

சொல்லி முடிக்கவில்லை, முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் அவரை நோக்கி உருண்டு வந்தது.