கதவு நிலையில மாட்டின கம்பி

தலையில அடிபட்ட ஆள்கிட்டயே போய் "உனக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு கேட்டா, அவன் சொல்ற பதிலை நீங்க நம்புவீங்களா? நம்பாதீங்க. என் பதிலை ஒருத்தர் நம்பல. அந்தக் கதைதான் இது.

பிழைக்க வந்த ஊர்ல நாங்க நாலு பேர் ஒரே ரூம்ல இருந்தோம். எனக்கு ஐஸ் கிடங்குல பெட்டி ஏத்தி இறக்குற வேலை, ராத்திரி ஷிஃப்ட். என் கட்டிலுக்கு மேல்கட்டில்ல இருந்தவர் லாண்டரியில இஸ்திரி போடுறவர். அவருக்கு வேலை மதியத்துக்கு மேல. மத்த ரெண்டு பேரும் விடியறதுக்குள்ள கிளம்பிடுவாங்க. அதனால பகல் முழுக்க ரூம்ல நானும் அவரும்தான்.

வாயை மூடவே மாட்டார். ரூம்ல அவருக்குப் பேரே ரேடியோ. நான் "அண்ணே"ன்னு கூப்பிடுவேன். அலுத்துப்போய் வந்து படுத்தா மேல இருந்து கதை ஆரம்பிச்சிடும். நான் "ம்"முன்னு ஒரு சத்தம் குடுப்பேன், அவ்வளவுதான். நானா அவரை எதுவும் கேட்டதே கிடையாது. யார்கிட்டயுமே கேட்டதில்ல. அந்த ஊருக்கு வந்ததுல இருந்து நான் அப்படித்தான்.

உடம்பைத் தேத்தலாம்னு ஒரு கம்பி வாங்கினேன். கதவு நிலையில குறுக்கால வச்சுத் திருகினா ரெண்டு பக்கமும் நீண்டு இறுக்கிக்கும். ஆணி, ஓட்டை எதுவும் வேண்டாம். அதுல தொங்கி உடம்பை மேல தூக்கணும். மாட்டின அன்னைக்கே எல்லாரும் அதுல துணி காயப்போட்டாச்சு. ஈர பேண்டை மேல போட்டுட்டு, காஞ்சதும் ஒரே பக்கமா சரக்குன்னு இழுப்போம். இழுக்க இழுக்கக் கம்பி கொஞ்சங்கொஞ்சமா உருண்டு, திருகு லூசாகிக்கிட்டே வந்திருக்கு. யாருக்கும் அது தோணல.

அன்னைக்குக் காலைல வேலை முடிஞ்சு வந்து, கம்பியில கிடந்த துணியெல்லாம் உருவிப் போட்டுட்டுத் தொங்கினேன். தாடை கம்பி வரைக்கும் போச்சு. அடுத்த நொடி கம்பி என் கையோட வந்துடுச்சு. பின்மண்டை தரையில பட்ட சத்தம் ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"என்னடா, தரைக்கு ஒண்ணும் ஆகலையே?"ன்னு மேல இருந்து எட்டிப் பார்த்திருக்கார்.

நானும் சிரிச்சிருக்கேன். ரத்தம் வரல, வீக்கம் மட்டும்தான். "ஒண்ணுமில்லண்ணே, தூங்கி எழுந்தா சரியாயிடும்"னு கட்டில்ல சாஞ்சிருக்கேன். கொஞ்ச நேரத்துல, "அண்ணே, இன்னைக்கு நீங்க வேலைக்குப் போகலயா?"

அவருக்கு ஒரே சந்தோஷம். "அட, தம்பிக்கு வாய் இருக்கே! மதியம்தான்டா போகணும்"னு சூப்பர்வைசர் கதையை எடுத்து விட்டிருக்கார். கதை பாதியில நான் மறுபடியும், "அண்ணே, இன்னைக்கு வேலைக்குப் போகலயா?"

"இப்பதானடா சொன்னேன்?"

திரும்பவும் அதையே கேட்டதும் கட்டில்ல இருந்து குதிச்சுட்டார்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"தூக்கம் வருதுண்ணே. விடுங்க."

"இத்தனை நாள்ல என்னை ஒரு கேள்வி கேட்டிருப்பியா நீ? இன்னைக்குக் கேட்டதையே கேட்கிற. உள்ள ஏதோ ஆயிருக்கு. எந்திரிடா!"

நான் அவரை அசிங்கமா திட்டினேனாம். "திட்டு, திட்டு, பாக்கியை வண்டியில வச்சுக்கலாம்"னு என் காலுக்குச் செருப்பை மாட்டி, தாங்கிப் பிடிச்சு மாடியில இருந்து இறக்கியிருக்கார். டாக்ஸியில அவர் மடியிலயே வாந்தி எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில நர்ஸம்மா, "நீங்க இவருக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க.

"அண்ணன்."

"கூடப் பொறந்தவரா?"

"ஒரே பாத்ரூம், சிஸ்டர். அதுக்கு மேல என்ன பொறப்பு வேணும்?"

ஸ்கேன்ல மண்டைக்குள்ள சின்னதா ரத்தக்கசிவு இருந்துச்சு. "தானா நின்னுடலாம். பெருகினா ஆபரேஷன்தான். காலைல இன்னொரு ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும்"னார் டாக்டர். "அப்படியே தூங்க விட்டிருந்தா, பெருகுனாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க."

சாயங்காலம் எனக்குக் கொஞ்சம் தெளிஞ்சப்போ, அண்ணன் வாந்தி காஞ்ச பேண்டோட ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தார். வேலைக்கு லீவு சொல்லிட்டாராம். 

"ஏதாவது பேசுங்கண்ணே."

"என்னத்தடா பேச? நேத்து கம்பியில இருந்து துணியைச் சரக்குன்னு இழுத்தது நான்தான்."

"என் யூனிஃபார்மும்தான் தொங்குச்சு."

"அது ஒரு வாரமா தொங்குதுடா, நாத்தம் தாங்கல"ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம். சிரிச்சா தலை விண்விண்ணுன்னு வலிச்சுச்சு. அப்புறம் குனிஞ்சு, "பயமா இருக்குடா"ன்னார்.

எனக்கும் பயம்தான். ஆனா எனக்காக இன்னொரு ஆளும் பயப்படுறார்னு நினைச்சப்போ நெஞ்சு லேசாச்சு. "ரொம்ப நன்றிண்ணே"ன்னேன். "போடா"ன்னு போர்வையை என் கழுத்து வரைக்கும் இழுத்து விட்டார்.

மறுநாள் காலைல திரும்ப ஸ்கேன் எடுத்தாங்க. கசிவு பெருகல, ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொன்னார். அண்ணன் ரூமுக்குப் போய்க் குளிச்சுட்டு வேலைக்குப் போனார்.