இரண்டு கோர் போதும்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் எப்சி. ஆம்பூர் ஸ்டேஷனில் பெங்களூர் ரயில் தாமதமான ஒரு மாலை, பக்கத்தில் உட்கார்ந்து, "என் புருஷனோட வேலைய நான்தான் வெட்டினேன்" என்றாள். ரயில் வந்துவிட்டது. மீதியைப் போனில் கேட்டு வாங்கினேன்.

2

சிப் என்பது விரல் நகமளவு... (வேண்டாம், பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

2008. எப்சியும் அவள் கணவன் பார்த்திபனும் ஒரே கம்பெனியில் மேசைக் கணினிக்குச் சிப் வடிவமைத்தார்கள். கணக்குப் போடும் கோர்கள் அவன் பிரிவு. திரையில் படம் வரையும் கிராபிக்ஸும் அதே சிப்பில் அடங்க வேண்டும். நாலு கோர் வைத்தால் கிராபிக்ஸ் சுருங்கும். இரண்டு என்றால் அவன் பிரிவில் பாதிப் பேருக்கு வேலையில்லை. சோதித்துச் சொல்ல வேண்டியவள் எப்சி.

3

லீவுக்கு ஆம்பூரில் எப்சியின் அம்மா வீட்டில் இருந்தார்கள். முடிவு காலையிலேயே லேப்டாப்பில் வந்துவிட்டது. நாலு கோரும் ஓடினால் சிப் சூடேறி, வீடியோ திக்கித் திக்கி வந்தது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்க முடியாதவர்களுக்கான சிப் அது.

"ரிசல்ட் இன்னா ஆச்சு?" என்றான் பார்த்திபன்.

"இன்னும் ஓடிட்டிருக்கு."

அவன் நம்பினான். நாலு கோர்தான் ஜெயிக்கும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவன் பிரிவில் இருந்த கலையரசிக்கு வேறொரு கம்பெனி வேலை தந்திருந்தது. அன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும். எப்சியின் எதிரிலேயே போன் போட்டு, நாலு கோர்தான் வரும், அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிடு என்றான். எப்சிக்கு உண்மை வாய் வரை வந்தது. தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

4

(முதல் வரைவில் மூன்று கோர் என்று சமரசம் செய்தேன். "அதையும் ஓட்டிப் பாத்தேன், ரெண்டு பக்கமும் கெட்டுது" என்றாள் எப்சி. அடித்துவிட்டேன்.)

சாயங்காலம் மேனேஜர் அழைத்தார். மாடிக்குப் போய், "ரெண்டு கோர் போதும் சார்" என்றாள். திரும்பினால் படியில் பார்த்திபன்.

"எப்ப வந்துச்சு ரிசல்ட்?"

"இப்பதான்."

"கலைக்கு நானே சொல்லிடறேன்" என்று இறங்கிப் போனான்.

5

சிப் நன்றாக விற்றது. வந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்ட கலையரசிக்கு இருந்த வேலையும் போயிற்று. பார்த்திபன் கம்பெனி மாறினான். இன்றும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். அந்த 'இப்பதான்' பொய் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது.

அந்த இடத்தை எடுத்துவிடவா என்று கேட்டேன்.

"வேணாம், இருக்கட்டும்" என்றாள்.

பார்த்திபன் கதை படிக்கிறவன். உங்களுக்கு முன்பே இதை அவன் படித்திருந்தால், முடிவு இப்போது என் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை.