சார்ஜர் கமிட்டி

காலை ஆறரை மணிக்கு, பொதுச் சார்ஜிங் நிலையத்தில் நர்ஸம்மாவின் மின்சாரக் கார் மூன்றாவதாக நின்றது. முதல் வண்டிக்காரர் கேபிளைச் செருகிவிட்டு எங்கேயோ நடக்கப் போய்விட்டார். இரண்டாவது வண்டிக்காரர் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஏழரைக்குள் முதல் வீட்டில் இருக்க வேண்டிய நர்ஸம்மா, கடிகாரத்தையும் பேட்டரி அளவையும் மாறி மாறிப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும்தான் அவள் வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. அதில் முதல் வீடு ஓய்வுபெற்ற கணக்கு டீச்சருடையது. தனிக்கட்டை. காலில் சர்க்கரைப் புண். நர்ஸம்மா வந்து கட்டு மாற்றிக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போகும்வரை அந்த அம்மா காலைத் தரையில் ஊன்றக் கூடாது. நாலு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியதில், உள்ளங்கை அகலத்துக்கு இருந்த புண் இப்போது நகத்தளவுக்கு வந்திருந்தது. ஆனால் கார் வாங்கிய பிறகு நர்ஸம்மா இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டாள். இன்னொரு முறை தாமதமானால் அந்த ரவுண்டை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவேன் என்று மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரு சார்ஜர் மாட்டிவிட்டால் இந்தப் பாடெல்லாம் தீர்ந்தது. சாயங்காலம் செருகினால் காலையில் வண்டி தயார். மாட்டலாம்தான். ஆனால் அதை ஐந்து வாரமாக அவள் கணவர் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு ஆபீசில் வைத்த பெயர் கமிட்டி. ஒரு வாளி வாங்குவதென்றாலும் நாலு பேரைக் கலந்து பேசாமல் வாங்க மாட்டார். சார்ஜர் என்றதும் சும்மா இருப்பாரா? போனில் ஒரு குரூப்பே தொடங்கிவிட்டார். அண்ணன், தங்கை வீட்டுக்காரர், ஆபீஸ் நண்பர்கள், பக்கத்து வீட்டு வங்கி மேனேஜர் என்று மொத்தம் பதினோரு பேர். காலையில் ஒருவர் ஒரு கம்பெனியைத் தூக்கிவைத்துப் பேசுவார், மத்தியானம் இன்னொருவர் அதைக் கிழித்துத் தொங்கவிடுவார். அந்தப் பதினோரு பேரில் நர்ஸம்மா மட்டும் இல்லை. ஆபீசுக்கு ரயிலில் போய்வருகிற கமிட்டி, அந்தக் காரை ஒரு நாள்கூட ஓட்டிப் பார்த்ததில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அவளும் இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து பார்த்தாள். சாதாரண சார்ஜரே போதும், எங்கே மாட்டுவது என்பதுதான் முக்கியம் என்று ஆரம்பித்தாள்.

"நீயே வேலைக்குப் போய்க் களைச்சு வர்ற. உனக்கெதுக்கும்மா இந்தத் தலைவலி? நான் பாத்துக்கறேன்ல?" என்றார் கமிட்டி.

அதை அவர் பாசமாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒருவழியாக ஒரு வெள்ளிக்கிழமை சார்ஜர் வந்து சேர்ந்தது. சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் சின்னக் கூட்டமே நின்றது. கேட் தூணில், தெருவில் போகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி, கறுப்பாக ஒரு பெட்டி மின்னிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு கிலோவாட்டாம். மேனேஜர் வீட்டில் இருப்பதைப்போல மூன்று மடங்காம். இனி இந்தத் தெருவிலேயே நம்ம வீட்டில்தான் பெரிசு என்று அண்ணன் பெருமை பேசினார். அவள் வண்டிக்குக் கொடுத்த கையேட்டை யாராவது ஒரு தடவை புரட்டியிருந்தால், அந்த வண்டி ஏழு கிலோவாட்டுக்கு மேல் வாங்கவே வாங்காது என்பது தெரிந்திருக்கும்.

அவள் எப்போதும்போல ரிவர்ஸில் காரை உள்ளே விட்டு நிறுத்தினாள். எலெக்ட்ரீஷியன் கேபிளை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் நடந்தார். சார்ஜ் போடும் வாய் பின்னால், சுவரை ஒட்டிய பக்கம் இருக்கிறது. கேபிள் விறைத்து நின்றது. இன்னும் ஒரு முழம் வேண்டும். இழுத்துப் பார்த்தார், காரைச் சுற்றிக் கொண்டுபோய்ப் பார்த்தார். ம்ஹும்.

கமிட்டியின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், இனிமேல் வண்டியை நேராகவே உள்ளே விட்டுவிடேன், எதற்கு ரிவர்ஸில் வருகிறாய் என்றார். அண்ணனும் அதுதானே என்றார்.

"வெளிய வளைவுங்க. காலையில நான் கிளம்புற நேரத்துக்குத்தான் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க போகும். வண்டியைப் பின்னால எடுத்தா யாரு வர்றாங்கன்னே தெரியாது. அதனாலதான் தினம் ரிவர்ஸ்ல உள்ள வர்றேன்" என்றாள் அவள்.

எலெக்ட்ரீஷியன் கேபிளைச் சுருட்டியபடி தலையைச் சொறிந்தார். "வண்டி ஓட்டுறவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்கன்னு நான் மூணு தடவை கேட்டேன் மேடம். சார்தான், அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, என்னையே கேளுங்கன்னுட்டாரு."

பெட்டியை இடம் மாற்ற அடுத்த வாரம்தான் தோதுப்படும் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

மறுநாள் காலையில் பேட்டரி ஒன்பது சதவீதத்தில் நின்றது. பொது நிலையத்தில் இருந்த இரண்டு மெஷின்களில் ஒன்று வேலை செய்யவில்லை. டீச்சர் வீட்டை அவள் அடைந்தபோது மணி எட்டே முக்கால். அந்த அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டு முழுக்க ரத்தம். பாத்ரூமுக்குப் போக எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடந்திருக்கிறார். பழைய புண் வாயைப் பிளந்துகொண்டுவிட்டது. டீச்சர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "உன்னை ரொம்ப நேரம் எதிர்பாத்தேம்மா" என்று மட்டும் சொன்னார். நர்ஸம்மா குனிந்து, ரத்தம் ஊறிய கட்டைப் பிரித்தாள். புதுக் கட்டுப் போட்டு முடிப்பதற்குள் மேற்பார்வையாளரின் போன் வந்துவிட்டது. திங்கட்கிழமை முதல் அந்த ரவுண்டுக்கு வேறு நர்ஸ்.

வீடு திரும்பியபோது கமிட்டி சோபாவில் உட்கார்ந்து, நீளமான கேபிள் எங்கே கிடைக்கும் என்று குரூப்பில் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் ஐந்து வாரமாக அடக்கிவைத்த எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பதினோரு பேரைக் கேட்டீங்களே, அதுல ஒருத்தராவது இந்த வண்டிய ஓட்டுறாங்களா?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா..." என்று இழுத்தார் கமிட்டி.

"என்னைக் கேக்காம எனக்கு என்ன நல்லது? அதுக்குப் பேரு பாசம் இல்லைங்க, அதிகாரம்."

 ஆனால் கமிட்டி லேசில் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. திங்கட்கிழமை காலை சாவியை வாங்கி, வண்டியை நேராக உள்ளே விட்டு, பின்னால் எடுத்துப் பார்த்தார். கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் யாரோ கத்தினார்கள். பிரேக்கை மிதித்து இறங்கிப் பார்த்தால், புத்தகப் பையோடு ஒரு சின்னப் பெண் பம்பருக்கு இரண்டடி தள்ளி உறைந்துபோய் நின்றாள்.  கமிட்டி சாவியைக் கொண்டுவந்து மனைவியின் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் எலெக்ட்ரீஷியன் வந்தார். அண்ணனும் போனில் வந்துவிட்டார். மாற்றுவதுதான் மாற்றுகிறாய், மாடிப்படிப் பக்கம் வைத்தால் மழைபடாது என்று யோசனை சொல்ல ஆரம்பித்தார்.

"வேண்டாண்ணே" என்று நடுவிலேயே நிறுத்தினார் கமிட்டி. "யாரு பயன்படுத்தப் போறாங்களோ அவங்களைக் கேக்காம எடுக்கற முடிவு, ஆயிரம் பேரு கூடி எடுத்தாலும் தப்பான முடிவுதான். இது எனக்கு இப்பத்தான் உறைச்சுது. அவளே சொல்லட்டும்."

நர்ஸம்மா பின்சுவரில் ஓரிடத்தைக் காட்டினாள். எலெக்ட்ரீஷியன் பெட்டியை அங்கே பிடித்துக் கேபிளை நீட்டினார். தாராளமாக எட்டியது. சொல்லவும் காட்டவும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் கமிட்டி, குன்றிப்போய்.

"இவ்வளவுதாங்க. இதை அன்னைக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, டீச்சரம்மா கால் இந்நேரம் ஆறியிருக்கும்."